இரண்டு கல்லரா

அவுஸ்திரேலியாவில் இருந்து சின்னம்மாவுக்குச் சம்பந்தம் வந்தபோது அப்பா முதலில் செய்த காரியம், என்னைக் கூப்பிட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தியதுதான். எனக்கு அப்போது பத்து வயது. வீட்டில் அந்த இயந்திரத்தோடு சண்டை பிடிக்காமல் பழகக்கூடிய ஒரே ஆள் நான் என்ற பெருமை எனக்கு இருந்தது. அப்பாவுக்கு அதை இயக்கத் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை. அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல் என்றுதான் சொல்லுவோம்.

கனடாவில், மொன்ட்ரியாலின் வடபகுதியான மொன்ட்ரியால்-நோரில், மூன்றாம் மாடியில், ஒரு நாலரை வீட்டில் இருந்தோம். இந்த நகரத்தில் வீட்டை அப்படித்தான் எண்ணுவார்கள். ஹோல், குசினி, இரண்டு படுக்கையறை, ஆக மொத்தம் நாலு, குளியலறை அரை. ஒரு படுக்கையறை அப்பாவுக்கும் அம்மாவுக்கும். மற்றது எனக்கும் சின்னம்மாவுக்கும். ஆனால் எல்லோரும் அதைப் ‘பிள்ளையின்ர அறை’ என்றே சொன்னார்கள். சின்னம்மாவும் அப்படித்தான் சொன்னார்.

சின்னம்மா அம்மாவின் கடைசித் தங்கை. நான் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது மன்னாரில் இருந்து வந்தவர். அவர் வந்ததால் அம்மா வேலைக்குத் திரும்பிப் போனார். என்னைக் கார்டெரியில், அதாவது பிள்ளைக் காப்பகத்தில், விடவேண்டி வரவில்லை. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு சின்னம்மாவும் வேலை எடுத்தார். சென்ட் லோரன்டில் மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கும் ஒரு தொழிற்சாலை. இருட்டோடு முதல் பஸ் பிடித்துப் போவார். மூன்று மணிக்கு என் பள்ளிக்கூட வாசலில் நிற்பார். அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை, அப்பா களஞ்சியத்தில் பாரம் ஏற்றும் வேலை. ஆகவே மூன்றில் இருந்து ஆறு மணி வரைக்கும் அந்த நாலரை வீடு எங்கள் இருவருக்கும் மட்டுமே சொந்தம். எனக்குத் தலை இழுத்துப் பின்னியதும், பிரெஞ்சுப் பாடத்தை விளங்காமலே பக்கத்தில் இருந்து கேட்டதும், முட்டைப் பொரியலில் இருந்து வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்ததும் அவர்தான். இது எல்லா வீட்டிலும் நடப்பது, இப்படியே நடந்துகொண்டிருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் ரொறொன்ரோவில் இருந்த பெரியம்மா. மாப்பிள்ளை மன்னார்ப் பக்கம்தான், எங்களைப்போல் வேதக்காரர், நாற்பது வயது. அவுஸ்திரேலியாவில் ஒரு சின்ன ஊரில் கடை வைத்திருக்கிறார். ஊருக்கே அது ஒன்றுதான் கடை. பாண், பால், முத்திரை, மாட்டுத் தீவனம், பெற்றோல், எல்லாம் அங்கேதான். ஊரின் பெயர் கல்லரா.

“என்ன, கல்லறையோ?” என்று அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“கல்லரா,” என்றார் அப்பா. “அது அங்கத்தைய பழைய ஆக்களின்ர பாசையில ஒரு பெயராக்கும்.”

பெரியம்மா தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அப்பா ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் விலாசத்தைத் தமிழில் எழுதினார். ஊரின் பெயருக்குப் பிறகு ‘விக்’ என்று ஒரு சொல் வந்தது. அது என்னவென்று அம்மா கேட்டார். அப்பா ஒரு கணம் யோசித்துவிட்டு, “வெள்ளைக்காரர் பெயரைச் சுருக்கிப்போடுவினம். தம்பியை அங்க விக் எண்டு கூப்பிடினம் போல,” என்றார். அப்பா தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கோட்டுகளைக் கழற்றி, பனி உருகி வாசலில் தண்ணீர் தேங்கிய பிறகு, எல்லோரும் ஹோலில் கூடினோம். நான் உறையைப் பார்த்து ஊரின் பெயரை ஆங்கிலத்தில் அடித்தேன். வரைபடத்தில் தெருவுக்குள் இறங்கி நடப்பதுபோல் பார்க்கும் வசதி அப்போது எங்களுக்குப் புதினம். அம்மா செபமாலையைக் கையில் வைத்திருந்தார். சின்னம்மா குசினி வாசலில், ஈரத் துணியோடு நின்றார்.

திரையில் ஒரு சிவந்த மண் ரோட்டு வந்தது.

ஒரு பக்கம் துருப்பிடித்த தண்டவாளம். அதன் ஓரத்தில் ஒரு பலகை. கல்லரா என்று அதில் வெள்ளை எழுத்து, பாதி உரிந்து கிடந்தது. பலகைக்குப் பின்னால் கல்லால் கட்டிய ஒரு வீடு. கூரை இல்லை. யன்னல் இருந்த இடங்களில் வானம் தெரிந்தது. சுற்றவர முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறச் செடிகள். அவ்வளவுதான். பூமி அந்த இடத்தில் அப்படியே போய் வானத்தில் முட்டியது.

“இதென்ன, ஆக்களைக் காணேல்லை?” என்றார் அம்மா.

“கொஞ்சம் முன்னுக்குப் போ பிள்ளை. கடை அங்கால இருக்கும்.”

நான் முன்னுக்குப் போனேன். செடிகள் வந்தன. இன்னும் போனேன். இன்னும் செடிகள். திரும்பி மற்றப் பக்கம் போனேன். கல்வீடு ஒருமுறை எங்களைக் கடந்து போனது. பிறகு மறுபடியும் செடிகள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தண்ணி இல்லை. கறன்ட் இல்லை. சனம் இல்லை. ஆருக்கு இவர் பாண் விக்கிறார்?”

அம்மா செபமாலையை மேசையில் வைத்துவிட்டார்.

பெரியம்மாவிடம் நேராகக் கேட்டிருக்கலாம். மாப்பிள்ளையிடமும் கேட்டிருக்கலாம். ஆனால் சம்பந்தம் பேசும் இடத்தில் நேராகக் கேட்பது மரியாதை இல்லை. ஒளித்துப் பார்ப்பதுதான் மரியாதை. “நாங்கள் பாத்தது அவருக்குத் தெரியக்கூடாது,” என்றார் அப்பா. “சனிக்கிழமை எடுப்பார்தானே. கதை குடுத்துப் பாப்பம்.”

மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்து, சின்னம்மா குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த நேரம், நான் மறுபடியும் அந்தப் பெயரை அடித்தேன். இந்தமுறை அவசரப்படுத்த யாரும் முதுகுக்குப் பின்னால் நிற்கவில்லை. அடித்து முடிக்கும் முன்பே கீழே ஒரு பட்டியல் விரிந்தது. அதில் இரண்டு கல்லரா இருந்தன. ஒன்று தெற்கு அவுஸ்திரேலியாவில். மற்றது விக்டோரியாவில்.

உறை பக்கத்திலேயே கிடந்தது. விக்.

நான் இரண்டாவதை அமத்தினேன்.

ஒரு பெரிய தெரு வந்தது. மொன்ட்ரியாலில் அவ்வளவு அகலமான தெருவை நான் கண்டதில்லை. ஆனால் அதில் ஒரேயொரு வாகனம்தான் நின்றது. இரண்டு பக்கமும் தகரக் கூரை போட்ட தாழ்ந்த வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி. தெருவின் முடிவில், எங்கள் கட்டிடத்தைவிட உயரமாக, வெள்ளை நிறத்தில் நாலு பெரிய உருளைகள் ஒட்டிக்கொண்டு நின்றன. அதன் அடியில் தொங்கும் கிளைகளோடு ஒரு மரம். மரத்துக்கு எதிர்ப் பக்கம் ஒரு கடை. சிவப்புத் தபால் பெட்டி, ஒற்றைப் பெற்றோல் பம்பு. கடை வாசலில், கையில் கூட்டுகிற தும்புத்தடியோடு ஒருவர் நின்றார். கறுப்பு ஆள். படம் எடுக்கும் வாகனத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவருடைய முகத்தை இயந்திரம் கலைத்து மங்கலாக்கியிருந்தது. காலடியில் படுத்திருந்த நாயின் முகம் மட்டும் தெளிவாக இருந்தது.

“என்ன பாக்கிறாய்?” என்று சின்னம்மா குசினியில் இருந்து கேட்டார்.

“ஒண்டுமில்லை,” என்று சொல்லி நான் அதை மூடினேன். தேடிய தடயத்தை அழிக்கவும் எனக்குத் தெரிந்திருந்தது. அதையும் செய்தேன்.

என்ன நினைத்துச் செய்தேன் என்று சொல்வது சுலபம். முகம் இல்லாத ஒரு மனிதர் என் சின்னம்மாவைக் கேட்கிறார். நான் கொடுக்க மாட்டேன். அவ்வளவுதான். பாவம் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். ஞாயிறு வகுப்பில் படித்திருந்தேன். ஆனால் நான் பொய் எதுவும் சொல்லவில்லையே. யாரும் என்னிடம் எத்தனை கல்லரா இருக்கிறது என்று கேட்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் சின்னம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். “அந்த ஊரை ஒருக்காக் காட்டு பாப்பம்,” என்றார்.

நான் கல்வீட்டைக் காட்டினேன்.

அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “காத்து நல்லா வரும் போல,” என்றார். பிறகு, “உள்ளுக்குப் போகேலுமோ?” என்று கேட்டார்.

“ஏலாது. ரோட்டில மட்டும்தான் போகலாம்.”

“அப்ப அந்தப் பக்கமாத் திருப்பு.” யன்னல் ஓட்டைகளை விரலால் தொட்டு எண்ணினார். “மூண்டு அறை இருந்திருக்கும். பின்னுக்கும் ஒண்டு இருக்கலாம்.”

புதன்கிழமையும் கேட்டார். வியாழனும் கேட்டார். வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடப் பையை இறக்கும் முன்பே கதிரை போட்டிருந்தது. அந்த ஊர் அவருக்குப் பயத்தைக் கொடுக்கிறது, அதனால்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். பல் நோவு வந்தால் நாக்கு அங்கேயே போகுமே, அதுபோல. எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. எனக்குத் தெரிந்த வரையில் கூரை இல்லாத வீட்டுக்கு யாரும் கலியாணம் கட்டிப் போவதில்லை.

சனிக்கிழமை எங்களுக்குப் பின்னேரமாக இருந்தபோது அங்கே ஞாயிறு காலை. மாப்பிள்ளை எடுத்தார். அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, நீதிமன்றத்தில் நிற்பவர்போல் தொண்டையைச் செருமினார்.

“தம்பி, உங்கட கடைக்கு முன்னால என்ன இருக்கு?”

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். “ரோட்டு அண்ணை. அங்கால பெரிய சைலோ நிக்குது, கோதுமை போட்டு வைக்கிறது. அதோட ஒரு மரம். மிளகு மரம் எண்டு சொல்லுவினம். மிளகு மாதிரியே காய்க்கும், ஆனா எங்கட கறிமிளகில்லை.”

அப்பா எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கேட்டீர்களா என்பதுபோல்.

“சனம்?”

“நூறு பேருக்கு மேல இருப்பினம். பள்ளிக்கூடத்தில பதினாலு பிள்ளையள்.” பிறகு அவர் தானாகவே சொல்லத் தொடங்கினார். “அண்ணை, நான் மறைக்கேல்லை. வெக்கை கடுமை. ஈ எண்டா முகத்தில நிண்டு எழும்பாது. ஆசுப்பத்திரிக்கு ஒரு மணித்தியாலம் ஓடவேணும். பூசை மாதத்தில ஒருக்காத்தான், சுவாமி வேற ஊரில இருந்து வாறவர். தமிழ்ச் சனம் எண்டு நான் ஒருத்தன்தான். அவவுக்கு இதெல்லாம் முதலே சொல்லிப்போடுங்கோ.”

“சொல்லுறம், சொல்லுறம்,” என்று சொல்லி அப்பா வைத்தார்.

“பாத்தீரே,” என்றார் அப்பா அம்மாவிடம். “பொய்யை உப்புப்புளி போட்டுச் சொல்லுறார். நல்லதைச் சொன்னா நம்பமாட்டம் எண்டு கெட்டதையும் கொஞ்சம் கலந்து விடுறார். மிளகு மரமாம். பதினாலு பிள்ளையளாம். எண்ணிப் பாத்தவர் மாதிரி.”

“மனுசர் இப்பிடியும் இருப்பினமோ,” என்றார் அம்மா. அவருடைய கண் கலங்கியிருந்தது.

“நாளைக்குப் பூசையால வந்து அக்காவுக்கு எடுத்து வேண்டாமெண்டு சொல்லிவிடுறன்.”

சின்னம்மா எழுந்து போய் எனக்குச் சோறு போட்டார். என்னால் சாப்பிட முடியவில்லை. அந்த மரத்தை நான் பார்த்திருந்தேன். கிளைகள் தொங்கியபடி, சைலோவின் அடியில், அவர் சொன்ன இடத்திலேயே நின்றது. முகம் இல்லாமல் இருந்த மனிதருக்கு இப்போது ஒரு குரல் இருந்தது. தன்னைப் பற்றிய குறைகளைத் தானே எண்ணிச் சொல்லும், கொஞ்சம் திக்கும் குரல். அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட்டார்கள். அவர் பொய்யர் இல்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். வயிற்றுக் கோளாறு என்று நினைத்துச் சின்னம்மா வெந்நீரில் ஓமம் போட்டுத் தந்தார்.

ஞாயிறு பூசையில் நான் நற்கருணைக்குப் போகவில்லை. கால் நோகிறது என்று சொன்னேன். அது நிச்சயமாகப் பொய். பாவக் கணக்கில் இப்போது ஒன்று ஏறிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் தொலைபேசியை எடுத்தார். இலக்கங்களை அமத்தத் தொடங்கினார்.

“அத்தான்,” என்றார் சின்னம்மா.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். சின்னம்மா அப்பாவோடு நேராகப் பேசுவது குறைவு. சோறு போடவா, தேத்தண்ணி வேணுமா என்பதற்கு மேலே நான் கேட்டதில்லை.

“வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ. நான் போறன்.”

“எங்க போறீர்?”

“அங்கதான். அவுஸ்திரேலியாவுக்கு.”

அப்பா தொலைபேசியைக் கீழே வைத்தார். “நீர் பாத்தனீர்தானே? அங்க என்ன கிடக்கு? கூரைகூட இல்லை.”

“கூரை இல்லாட்டிப் போடலாம்.”

“அவர் சொன்னதெல்லாம் பொய்.”

“இருக்கட்டும். ஏதோ வெக்கத்தில சொல்லியிருப்பார். இல்லாததை இருக்கெண்டு சொல்லுறவருக்கு ஆசை இருக்கெண்டுதானே அர்த்தம்.” சின்னம்மாவின் குரல் உயரவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல்தான் சொன்னார். “நான் நாலு நாளாப் பாத்தனான். சுவர் நல்ல சுவர். ஒரு வீடெண்டா அங்க இருந்து தொடங்கலாம். எனக்கு முப்பத்தாறு வயசு அத்தான்.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். அப்பா தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

எனக்கு உலகம் கவிழ்ந்துவிட்டது. அந்தக் கல்வீட்டுக்கே போகிறேன் என்கிறார். அந்தச் செடிகளுக்கு நடுவே, தண்ணீர் இல்லாமல், சின்னம்மா தனியாகச் சுவரோடு சாய்ந்து நிற்பது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் ஓவென்று அழத் தொடங்கினேன்.

“அது இல்லை,” என்றேன். “அந்த ஊர் இல்லை. வேற ஊர்.”

அம்மா என்னைப் பிடிக்க வந்தார். நான் கையை உதறிக்கொண்டு கொம்பியூட்டரிடம் ஓடினேன். அந்தப் பழைய இயந்திரம் உயிர் வர எடுத்த நேரம் என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம். மூக்கும் கண்ணும் ஒழுகின. பெயரை இரண்டு தரம் பிழையாக அடித்தேன். கடைசியில் பட்டியல் விரிந்தது. இரண்டாவதை அமத்தினேன்.

அகலமான தெரு வந்தது. தகரக் கூரைகள் வந்தன. சைலோ வந்தது.

“மரம்,” என்றார் அம்மா, முதுகுக்குப் பின்னால் இருந்து.

“பொறு, பொறு,” என்று அப்பா தன்னுடைய கண் மங்கலை மறந்து திரைக்குள் புகுந்தார். “அது கடை. பெற்றோல் பம்பு. தபால் பெட்டியும் கிடக்கு. ஆர் உது வாசலில?”

“அவர்தான்,” என்றேன் விக்கிக்கொண்டு. “விக் எண்டது பெயரில்லை. விக்டோரியா.”

அப்பா உறையை எடுத்துப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கோட்டோடும் தொப்பியோடும் நிலத்தில் இருந்து, உறையால் நெற்றியில் அடித்து அடித்துச் சிரித்தார். “ஒரு நல்ல மனுசனைப் பொய்யனாக்கிப்போட்டனே,” என்றார். “விக்காம். நானும் ஒரு படிச்சவன்.”

அம்மா சிரிக்கவில்லை. “எப்ப கண்டுபிடிச்சனி?” என்று என்னைக் கேட்டார். “திங்கக்கிழமை,” என்றேன். அவருடைய கை ஓங்கியது.

“அடிக்காதேங்கோ அக்கா,” என்று சின்னம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என் முகத்தைத் தன் உடுப்பிலேயே துடைத்தார். பிறகு, என் தலைக்கு மேலால் திரையைப் பார்த்துக்கொண்டு, “கொஞ்சம் கிட்டப் போ,” என்றார். போனேன். வாசலில் தும்புத்தடியோடு நின்றவரை அவர் பார்த்தார்.

“முகத்தை ஏன் இப்பிடி ஆக்கி வைச்சிருக்கு?”

“எல்லாருக்கும் அப்பிடித்தான் செய்வினம்.”

“நல்லது. நேரில பாப்பம்,” என்றார் சின்னம்மா. அவர் சொன்னதில் ஏதோ இருந்திருக்கவேண்டும்; அம்மாவும் அப்போதுதான் சிரித்தார்.

அன்று மத்தியானம் நான் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிந்து அறைக்குள் போனபோது, “ஏன் ஒளிச்சனி?” என்று சின்னம்மா கேட்டார். கோபம் இல்லை, அறிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“நீங்கள் போயிடுவீங்கள்.”

“ஓம்,” என்றார். “போவன்.” தலைமயிரை அவிழ்த்துச் சீவத் தொடங்கினார். பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்லாத விதமாக, நேராக, அவர் அதைச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஏனென்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கோடையில் மாப்பிள்ளை வந்தார். முகம் இருந்தது; அகலமான காதுகளும் இருந்தன. எனக்காக மிளகு மரத்தின் காய்க்கொத்து ஒன்றைப் பொதி செய்து கொண்டுவந்ததாகவும், விமான நிலையத்தில் பறித்துவிட்டார்கள் என்றும் சொல்லி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வெறுப்பதற்கு நான் தயாராக இருந்தேன். அவர் இடம் தரவில்லை. எங்கள் பங்குக் கோயிலில் கலியாணம் நடந்தது. விருந்தில் அப்பா ‘விக்’ கதையைச் சபைக்கே சொன்னார். மாப்பிள்ளை அதிகம் சிரிக்காமல் கேட்டுவிட்டு, “அந்தக் கல்லராவுக்குப் போடுற கடிதம் வருசத்துக்கு ஒண்டு ரெண்டு பிழையா எனக்குத்தான் வரும் அண்ணை. திருப்பி அனுப்பிறனான்,” என்றார்.

வளர்ந்த பிறகு, இப்போதைக்கு இரண்டு வருடத்துக்கு முன்னர், நான் அங்கே போனேன். திரையில் தெரியாத பலதும் அங்கே இருந்தன. சைலோவின் உச்சியில் சாம்பலும் ரோசாவுமாக நூற்றுக்கணக்கில் கிளிகள் வந்து இருந்து, பாத்திரக் கடையைக் கவிழ்த்ததுபோல் சத்தம் போட்டன. அறுவடைக் காலத்துத் தூசு நாக்கில் இனித்தது. ஈ உண்மையிலேயே எழும்பவில்லை. ஊருக்கு வெளியே ஓடையொன்று. பாலம் இருந்தது, தண்ணீர் இல்லை. மழை வந்தால் பாலத்தைக் காணமுடியாது என்றார்கள். கடையில் சின்னம்மா மன்னார்த் தமிழின் இழுவையோடு ஆங்கிலம் பேசி, விவசாயிகளுக்குப் பாணும் நாய்ச் சாப்பாடும் விற்றார். வாசலில் நின்ற மனிதர்கள் அவருடைய பெயரைச் சுருக்கித்தான் கூப்பிட்டார்கள். அந்த விசயத்தில் அப்பா சொன்னது சரி. சின்னம்மாவின் இரண்டு மகள்களும் பள்ளிக்கூடத்தின் பிள்ளைத் தொகையைப் பதினைந்துக்குக் கீழே போகவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பின்னேரம் சின்னம்மாவிடம், அந்தக் கூரையில்லாத கல்வீட்டுக்கு உண்மையாகவே போயிருப்பாரா என்று கேட்டேன்.

“அது நல்ல வீடு,” என்றார். “கூரைதான் இல்லை.”

நினைவில் நான் எப்போதும் திரும்பிப் போவது சின்னம்மாவை வழியனுப்பிய நாளுக்குத்தான். விசா வந்து சேர அடுத்த மாசி ஆகிவிட்டது. மூன்று பேருமாக அவரை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். அந்த இடைப்பட்ட மாதங்களில் அம்மா தன் வேலையைக் காலைக்கு மாற்றியிருந்தார். என் தலையை அவரே பின்னத் தொடங்கியிருந்தார்; இறுக்கிப் பின்னத் தெரியாது, மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடும். சின்னம்மா என்னை இரண்டு தரம் கொஞ்சினார். அம்மாவின் தோளில் கொஞ்ச நேரம் முகத்தை வைத்திருந்தார். பிறகு உள்ளே போய்விட்டார். நடை அவ்வளவு லேசாக இருந்ததை நான் கவனித்தேன். அதற்காக எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது.

திரும்பி வரும்போது காருக்குள் அம்மா அழுதுகொண்டு வந்தார். கொஞ்சத் தூரத்தில் அழுகை நின்றது. பெரிதாக ஒரு மூச்சு விட்டு, “அப்பாடா,” என்றார். ரோட்டின் ஓரமெல்லாம் பனி கறுத்துக் கிடந்தது.

பிறகு அம்மா யாரிடமும் இல்லாமல், விரலை மடித்துக்கொண்டு சொன்னார்: “லண்டன். பிறகு நோர்வே. பிறகு மிஸ்ஸிசாகா.”

“விடும்,” என்றார் அப்பா. “இப்ப போய்ச் சேருறாதானே.”

“எல்லாத்துக்கும் பேந்து பாப்பம் எண்டுதானே சொன்னனாங்கள்.”

“பிள்ளை சின்னன். வேற என்ன செய்யிறது?”

அவை அதற்கு முன்னர் சின்னம்மாவைக் கேட்டு வந்து, பிள்ளை கொஞ்சம் வளரட்டும் என்று திருப்பி அனுப்பப்பட்ட சம்பந்தங்களின் ஊர்கள் என்றோ, அந்தப் பிள்ளை நான்தான் என்றோ அப்போது எனக்கு விளங்கவில்லை. சின்னம்மாவின் விமானம் போகும் வழியைப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். பின் இருக்கையில் இருந்து எட்டி, “அவுஸ்திரேலியாவுக்கு இவ்வளவு சுத்தியோ போகும்?” என்று கேட்டேன்.

அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா காரின் முன்கண்ணாடிக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“ஓம் பிள்ளை,” என்றார். “சுத்தித்தான் போகும்.”